கட்டுப் பிரிக்கும் நேரம்

தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: நோயாளி அதிகமாகத் துடிப்பது கட்டுப் பிரிக்கும்போதுதான். காயத்தில் ஊறும் நீர் காஸ் துணியின் இழைகளுக்குள் இறங்கி, இராத்திரி முழுக்க உலர்ந்து, காலையில் துணியும் சதையும் ஒன்றாகிக் கிடக்கும். பிய்த்து எடுத்தால் அப்போதுதான் அரும்பிய புதுத்தோலும் கூடவே வந்துவிடும். மேல்தோல் மட்டும் வெந்த காயத்தில் நரம்பு முனைகள் உயிரோடு இருப்பதால் அங்கேதான் வலி உச்சம். "இன்னிக்கு வேணாம் சிஸ்டர், நாளைக்குப் பாத்துக்கலாம் சிஸ்டர்" என்று ஒருநாளாவது கெஞ்சாத நோயாளியை நான் கண்டதில்லை. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

தீக்காய மருத்துவத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் மருந்துகளின் வரிசையாகவே எழுதுகிறார்கள்: எண்ணெய், அமிலம், வெள்ளி, ஆன்டிபயாடிக், இப்போது நானோ இழை. வார்டில் நின்ற எனக்கு அந்த வரலாறு வேறு வரிசையில் தெரிகிறது. காயத்தின்மேல் எதை வைத்தார்கள் என்று கேட்பதோடு, வைத்ததை எப்படி எடுத்தார்கள் என்றும் ஒவ்வொரு காலத்தையும் கேட்க வேண்டும். கிருமியை உள்ளே விடக் கூடாது, ஈரம் காயக் கூடாது, எடுக்கும்போது புதுத்தோலைக் கிழிக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்ய மனிதர்களுக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுருளிலேயே தீக்காயத்துக்கான வைத்தியங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் சுசுருத சம்ஹிதை தீக்காயத்தை நான்காகப் பிரித்தது: நிறம் மட்டும் மாறியது, கொப்புளம் எழுந்தது, ஆழமாக இறங்காமல் அளவாக வெந்தது, சதையும் நரம்பும் எலும்பும் வரை எரிந்தது. ஐரோப்பாவில் தீக்காயத்துக்கென்றே தனி நூல் வந்தது 1607-இல்தான். எழுதியவர் ஃபாப்ரிசியஸ் ஹில்டானஸ். அவர் காயத்தை மூன்று படிகளாகப் பிரித்தார். அவருக்கு முன்பே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, கொதிக்கும் எண்ணெயில் விழுந்த ஒரு சமையற்காரப் பையனுக்கு, கிராமத்துக் கிழவி ஒருத்தி சொன்னபடி வெங்காயத்தை உப்போடு நசுக்கி வைத்துப் பார்த்தார். வெங்காயம் வைத்த இடத்தில் கொப்புளம் எழவில்லை, வைக்காத இடத்தில் எழுந்தது என்று குறித்து வைத்தார். ஒரே உடம்பில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்த அந்தக் கவனம், வைத்தியத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழைய வைத்தியங்களில் எண்ணெயும் நெய்யும் கொழுப்பும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்ப் பசை இருந்தால் துணி ஒட்டாது. ஸ்காட்லாந்தில் காரன் இரும்பாலைத் தொழிலாளர்கள் உலையில் சுட்டுக்கொண்டபோது ஆளிவிதை எண்ணெயையும் சுண்ணாம்புத் தெளிநீரையும் கலந்து பூசினார்கள். 'காரன் எண்ணெய்' என்ற பெயரில் அது மருந்து நூல்களுக்குள்ளும் போனது. நம் ஊர்ப் பாட்டிகள் தேங்காயெண்ணெயையும் சுண்ணாம்புத் தெளிநீரையும் வெண்ணெய் மாதிரி வரும்வரை அடித்துப் பூசியதும் அதே கலவைதான், எண்ணெய் மட்டும் வேறு. சித்த மருத்துவத்தின் மத்தன் தைலத்தில் ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் சேரும். துருசு என்பது தாமிர உப்பு, கிருமியைக் கொல்லக்கூடியது. காயத்தில் ஒட்டாத எண்ணெய்க்குள் கிருமிக்கொல்லி ஒன்றைச் சேர்த்து வைக்கும் யோசனை அந்தத் தைலத்திலேயே இருக்கிறது.

எண்ணெயைத் துணிக்குள் ஏற்றி நவீன மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர், சினிமா வரலாற்றில் நாம் படிக்கும் ஒகுஸ்த் லூமியேர். தம்பியோடு சேர்ந்து பாரிஸில் படம் காட்டிய அவர், பிறகு லியோன் நகரில் மருத்துவ ஆராய்ச்சியில் இறங்கினார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்கள் குவிந்தபோது, அகலக் கண்ணுள்ள வலைத்துணியை மெழுகும் பசையுமான கலவையில் தோய்த்து காயத்தின்மேல் போடும் முறையை உருவாக்கினார். 'டுல் கிரா' என்று அதற்குப் பெயர். வலையின் கண் வழியாகக் கசிவு வெளியேறும், பசை இருப்பதால் துணி ஒட்டாது. நாங்கள் வார்டில் தோல் ஒட்டிய இடத்தில் வைத்த பாரஃபின் காஸ் அதன் நேர் வாரிசு. சின்னத் தகர டப்பாவில் அடுக்கிய வலைத்துணிகளை ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக உரித்து எடுக்கிறபோது நோயாளியின் முகம் கொஞ்சம் தளரும். இதைக் கட்டினால் நாளைக்குப் பிய்க்க வேண்டாம் என்று அவர்களுக்கும் தெரியும்.

அடுத்த திருப்பம் தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் எட்வர்ட் டேவிட்சன், தீக்காயத்தின்மேல் டானிக் அமிலக் கரைசலைப் போடச் சொன்னார். வெந்த தோலிலிருந்து நஞ்சு இரத்தத்தில் கலந்துதான் நோயாளி சாகிறார் என்று அப்போது நம்பினார்கள். டானின், புரதத்தை இறுகச் செய்யும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாத தோலாக மாறியது அதனால்தான். டேவிட்சன் செய்தது, உயிருள்ள மனிதரின் வெந்த தோலையே பதனிட்டுவிடுவது. கெட்டியான பழுப்புப் பொருக்கு காயத்தை மூடிவிடும். வலி குறையும், நீர் வெளியேறுவது குறையும், தினம் கட்டுப் பிரிக்க வேண்டாம். உலகமே அதை ஏற்றுக்கொண்டது. முதலுதவிப் பெட்டிகளில் டானிக் அமில ஜெல் குழாய்கள் இடம்பிடித்தன.

அதன் கேடு போரில் வெளிப்பட்டது. 1940-இல் பிரிட்டன் வான்போரில் விமான எரிபொருள் பற்றி முகமும் கையும் வெந்த இளம் விமானிகள் வரிசையாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹில்லரி. செப்டம்பர் 3 அன்று கடலில் விழுந்து, மார்கேட் உயிர்காப்புப் படகால் மீட்கப்பட்டவர். அவருடைய கைகளுக்கும் டானிக் அமிலமே போடப்பட்டது. இறுகிய பொருக்கு விரலைச் சுற்றி வளைத்து நெரித்தது, மூட்டுகள் அசையாமல் போயின, இமைகள் இழுபட்டுக் கண் மூட முடியாமல் ஆனது. பொருக்கின் அடியில் சீழ் பிடித்தால் வெளியே தெரியவும் செய்யாது. டானிக் அமிலம் கல்லீரலையும் கெடுக்கும் என்பது அந்த ஆண்டுகளில்தான் புரிந்தது.

கிழக்கு கிரின்ஸ்டெட் நகரில் விக்டோரியா ராணி மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற நியூசிலாந்து அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். நிலத்தில் விழுந்தவர்களைவிடக் கடலில் விழுந்து மீட்கப்பட்டவர்களின் காயங்கள் நன்றாக இருந்தன. அவர் டானிக் அமிலத்தை ஒதுக்கினார். வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியில் நோயாளியை அமரவைத்தார். கட்டுகள் தண்ணீரில் நனைந்து தாமாகவே கழன்று மிதந்தன. 600-க்கும் மேற்பட்ட விமானப்படையினர் அங்கே சிகிச்சை பெற்று, 'கினி பிக் கிளப்' என்று தங்களுக்கு ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் சேலைன் என்னும் உப்புநீரை ஊற்றி ஊற்றிக் கட்டை ஊறவைத்து, பொறுத்திருந்து எடுத்த முறையின் வேர் அந்தத் தொட்டியில் இருக்கிறது. அவசரப்படும் புதுச் செவிலிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் அதுதான்: "தண்ணி எடுக்கட்டும்மா, நீ எடுக்காதே."

1942 நவம்பர் 28 இரவு பாஸ்டன் நகரின் கோகோனட் குரோவ் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்டார்கள். காயம்பட்டு வந்தவர்களுக்கு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆலிவர் கோப் தலைமையில் எடுத்த முடிவு அன்றைக்குப் பெரிய மாற்றம்: வெந்த தோலைச் சுரண்டவில்லை, டானிக் அமிலம் போடவில்லை. போரிக் அமிலம் கலந்த வாசலின் காஸை மெல்ல வைத்துக் கட்டி, பல நாட்கள் அதைத் தொடாமல் விட்டார்கள். காயத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் சிகிச்சைதான் என்று அவர்கள் காட்டிய பிறகு டானிக் அமிலத்தின் காலம் முடிந்தது.

காயத்தைச் சும்மா விட்டால் அங்கே குடியேறுவது கிருமி. வெந்து செத்த தோலில் இரத்தக் குழாய்கள் எரிந்துபோயிருக்கும். ஊசியில் ஏற்றிய ஆன்டிபயாடிக் இரத்தம் போகும் இடத்துக்குத்தான் போகும், செத்த தோலுக்குப் போய்ச் சேராது. அதனால் மருந்தை மேலிருந்தே தர வேண்டும். 1960-களில் இந்தப் போராட்டம் முழுக்க சூடோமோனாஸ் என்ற ஒரு கிருமியோடு நடந்தது. அது வந்தால் கட்டுத்துணியில் பச்சைச் சாயம் ஏறும். வார்டுக்குள் நுழையும்போதே அதன் வாடையை வைத்து எந்தப் படுக்கை என்று சொல்லிவிடும் செவிலிகள் உண்டு. செயின்ட் லூயி நகரில் கார்ல் மோயர் 1965-இல் 0.5 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்த தடிமனான கட்டுகளைக் கொண்டுவந்தார். கிருமி அடங்கியது, ஆனால் படுக்கையும் தரையும் செவிலியின் கையும் கறுத்தன. நோயாளியின் உடம்பிலிருந்து உப்பும் வெளியேறியது. டெக்சாஸ் மாநிலத்தின் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் மாஃபினைடு களிம்பு போட்டார்கள். அது பொருக்கைத் துளைத்து உள்ளே இறங்கும், ஆனால் பூசினால் காந்தும். 1968-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ், வெள்ளியையும் சல்ஃபா மருந்தையும் இணைத்து சில்வர் சல்ஃபடயசின் களிம்பைத் தந்தார். காந்தாது, கறுக்காது, விலையும் குறைவு.

எங்கள் வார்டு அந்த வெள்ளைக் களிம்பின் வார்டு. பெரிய டப்பாவிலிருந்து கையுறைக் கையால் அள்ளி, வெண்ணெய்க் கனத்துக்குப் பூசுவோம். பம்பு ஸ்டவ் வெடித்து வந்தவர்கள், சிவகாசிப் பக்கமிருந்து பட்டாசு மருந்து வெடித்து வந்தவர்கள், கொதிக்கும் சாம்பார் அண்டாவில் தவறி விழுந்த குழந்தைகள் எல்லாரும் அந்தக் களிம்பால் பிழைத்தார்கள். அதன் உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அதற்கு ஒரு விலை உண்டு. களிம்பு கசிவோடு கலந்து காயத்தின்மேல் மஞ்சளாக ஒரு படலம் படியும். பழையதை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதியதைப் பூச வேண்டும், அதுவும் தினமும். துடைக்கத் துடைக்கப் புதுத்தோல் தேயும். மேலோட்டமான காயங்களில் அது ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்று பின்னாளில் வந்த ஆய்வுத் தொகுப்புகளும் சொல்லின.

அந்தக் களிம்பு வருவதற்கு முன்பே, காயம் ஈரமாக இருந்தால்தான் வேகமாக ஆறும் என்று ஜார்ஜ் வின்டர் 1962-இல் 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். பன்றிக்குட்டிகளின் முதுகில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுக்கு விட்டு, சிலவற்றை பாலிதீன் தாளால் மூடிப் பார்த்தார். மூடிய காயத்தில் மேல்தோல் இரட்டை வேகத்தில் பரவியது. காயம் காற்றாட இருக்க வேண்டும், பொருக்குத் தட்ட வேண்டும் என்ற நெடுநாள் நம்பிக்கையை அது உடைத்தது. ஈரத்தைக் காக்கும் விலையுயர்ந்த தாள்கள் பணக்கார நாடுகளில் வந்தன. நம் நாட்டு மருத்துவர்கள் அடுக்களையிலும் தோட்டத்திலும் தேடினார்கள்.

பம்பாயில் டாக்டர் கேஸ்வானியும் உடனிருந்தவர்களும் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலை காஸ் துணியில் அடுத்தடுத்து ஒட்டி, கிருமி நீக்கிக் கட்டினார்கள். 1985-இல் அதை எழுதி வெளியிட்டார்கள். கிழங்குத் தோலுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இல்லை, ஆனால் ஈரத்தைக் காத்தது, வலிக்காமல் கழன்றது. சோலாப்பூரில் சுப்ரமணியம் என்ற மருத்துவர் 104 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேனும் மறுபாதிக்கு வெள்ளைக் களிம்பும் போட்டு, 1991-இல் முடிவைச் சொன்னார். ஏழு நாளில் தேன் போட்ட காயங்களில் 91 சதவீதம் கிருமியற்றுப் போயின, களிம்பு போட்டவற்றில் 7 சதவீதம்தான். மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலையைச் சோதித்தார். மெழுகுப் பூச்சுள்ள அந்த இலை காயத்தில் ஒட்டாது, குளிர்ச்சி, பெரிதாகவும் கிடைக்கும். தீப்பட்டவரைத் தலைவாழையில் படுக்கவைப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருந்ததற்குப் பின்னால் அனுபவ அறிவு இருந்தது. இலையை அப்படியே போட்டால் அதிலுள்ள கிருமியும் சேர்ந்து வரும். அவர் அதை ஆட்டோகிளேவில் வேகவைத்துப் பயன்படுத்தினார் என்பதுதான் வித்தியாசம்.

தோல் பதனிடும் அறிவு இரண்டாம் முறையும் தீக்காயத்துக்கு உதவ வந்தது, இந்தத் தடவை நல்லபடியாக. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தோலின் புரதமான கொலாஜன் கைவந்த பொருள். தோல் தொழிலில் மிஞ்சும் துண்டுகளிலிருந்து கொலாஜனைப் பிரித்து, மெல்லிய தாளாக்கிக் காயத்தின்மேல் போடும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. சுத்தமான, புதிய, மேலோட்டமான காயத்தில் கொலாஜன் தாளை ஒருமுறை போட்டால் அதை எடுக்கவே வேண்டாம். அடியில் தோல் வளர வளர அது உலர்ந்து ஓரமாகத் தானே உதிரும். குழந்தைகளுக்கு அதைப் போட்ட நாட்களில் வார்டின் சத்தமே மாறும். ஆனால் ஒரு குறை: காயத்தில் ஏற்கெனவே கிருமி இருந்தால் தாளுக்கடியில் சீழ் கட்டும், தாள் கரைந்து போய்விடும். கொலாஜனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆயுதம் இல்லை.

நானோ இழைக் கட்டு அந்த ஆயுதத்தைத் தருகிறது. அதன் தொழில்நுட்பம் மருத்துவத்துக்கு வெளியே பிறந்தது. பிசுபிசுப்பான கரைசலின் துளிக்கு மிக அதிக மின்னழுத்தம் கொடுத்தால் துளி கூம்பாக நீண்டு, நுனியிலிருந்து மெல்லிய தாரை பீறிடும். அது காற்றில் சுழன்று சுழன்று போகும்போதே ஈரம் ஆவியாகி, எதிரே உள்ள தகட்டில் இழையாக விழும். 1902-இலேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். 1934-இல் ஆன்டன் ஃபோர்மால்ஸ் ஜவுளி நூலுக்காகக் காப்புரிமை பெற்றார். சோவியத் நாட்டில் அதே இழைகளை வடிகட்டிகளாகப் பயன்படுத்தினார்கள். அந்தக் கூம்பின் கணக்கை ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் விளக்கினார். 1990-களில் அக்ரன் பல்கலைக்கழகத்தின் டாரெல் ரெனேகர் இதை மீண்டும் தூக்கிப் பிடித்த பிறகுதான் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களை இழுத்தது இழையின் அளவு. நம் தோலுக்குள் உள்ள கொலாஜன் இழைகள் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் கனம். மின்னால் நூற்ற இழையும் அதே கனத்தில் வருகிறது. தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இந்த இழைப்பாய் பார்ப்பதற்கு முட்டை ஓட்டின் உட்புறச் சவ்வு மாதிரி இருக்கும். புதுத்தோலின் செல்கள் தங்களுக்குப் பழக்கமான தளம் என்று அதைப் பற்றிக்கொண்டு நகரும். நீராவி வெளியேறும் அளவுக்கு இடைவெளி உண்டு, கிருமி எளிதில் நுழையும் அளவுக்கு இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், மருந்தை இழைக்குள்ளேயே வைத்து நூற்கலாம் என்பது. வெள்ளித் துகள், ஆன்டிபயாடிக், கைட்டோசான் எதையும் சேர்க்கலாம். நாளுக்குக் கொஞ்சமாக அது கசிந்துகொண்டிருந்தால் தினமும் துடைத்துப் பூச வேண்டிய அவசியம் போய்விடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராபர்ட் பரெல் உருவாக்கிய நானோ வெள்ளிக் கட்டு, ஒருமுறை போட்டால் பல நாட்கள் விட்டுவைக்கலாம் என்று 1990-களின் கடைசியிலேயே காட்டியிருந்தது.

சிக்கல்களும் உண்டு. ஜெலட்டினால் நூற்ற இழை ஈரம் பட்டதும் கரையும். அதைக் கெட்டிப்படுத்த வழக்கமாகச் சேர்க்கும் ரசாயனங்கள் செல்லுக்கு நஞ்சு. சிங்கப்பூர்க் கண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், கடல் மட்டி பாறையில் ஒட்டிக்கொள்ளும் வேதியியலைப் பின்பற்றி டோபமீன் கொண்டு ஜெலட்டின் இழைகளைப் பிணைத்து, அதற்குள் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி, பன்றிகளின் தீக்காயத்தில் சோதித்தார்கள். மருந்து முதல் நாளிலேயே மொத்தமாகக் கொட்டிவிடுவது இன்னொரு சிக்கல். வெள்ளி அதிகமானால் கிருமியோடு புதுத்தோலின் செல்லும் சாகும். ஒரு ஊசியிலிருந்து நூற்றால் மணிக்குக் கொஞ்சமே கிடைக்கும். செக் நாட்டின் லிபரெட்ஸில் ஓல்ட்ரிச் யிர்சாக் ஊசியே இல்லாமல் உருளையிலிருந்து நூற்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு பெரிய அளவில் தயாரிக்க வழி பிறந்தது. இஸ்ரேலில் கைத்துப்பாக்கி வடிவக் கருவி ஒன்று வந்திருக்கிறது. காயத்தைத் தொடாமலே அதன்மேல் இழையைத் தூவிப் படலம் போடுகிறது. அடியில் தோல் வந்ததும் படலம் உரிந்து விழுகிறது.

இந்தக் கட்டுகள் நம் அரசு மருத்துவமனைகளுக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அப்படி வரும்போது மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, இழைக்குள் வைக்கும் மருந்து நம் வார்டில் உண்மையில் இருக்கும் கிருமியைக் கொல்ல வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் அடங்கும் சூடோமோனாஸும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமியும் இங்கே பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. ஒவ்வொரு வார்டின் கல்ச்சர் முடிவுகளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, புதுக் கட்டைச் சோதிக்கும் மருத்துவர்கள் காயம் எத்தனை நாளில் ஆறியது என்று எழுதுவதோடு, எத்தனை முறை பிரித்தார்கள், பிரிக்கும்போது நோயாளிக்கு எவ்வளவு வலித்தது என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்.

மூன்றாவது, விலை. கொள்முதல் குழுவில் ஒரு தாளின் விலையை வெள்ளைக் களிம்பு டப்பாவின் விலையோடு வைத்துப் பார்த்தால் நானோ இழை ஒருநாளும் தேறாது. தினம் ஒரு கட்டு என்றால் அதற்கு ஆகும் காஸ், பஞ்சு, சேலைன், வலி மருந்து, சின்னக் குழந்தையானால் மயக்க மருந்து, இரண்டு செவிலிகளின் ஒரு மணி நேரம், நோயாளியின் அம்மா இழக்கும் கூலி, நீளும் படுக்கை நாட்கள் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு கட்டுப் போதும் என்றால் மிச்சப்படும் ஆறு கட்டுகளின் செலவையும் கணக்கில் எழுத வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால், ஏழைகளுக்கு இது கட்டாது என்று இப்போதே முடிவு கட்டிவிட முடியாது.